ஒன்பதாம் பக்கத்துப் பனி

நாற்பத்தெட்டு வயது முடிகிறவரை நான் ஒரு சித்திரக்கதையைக்கூட முழுதாக வாசித்தது கிடையாது. நாற்பத்தொன்பதாவது வயதில் ஒன்றை எழுதினேன். இருபத்து நான்கு பக்கம், ஒரே குடும்பம், ஐந்து பேர். நான்கு பேருக்கு அதிசய சக்தி உண்டு. ஐந்தாவது ஆளான அம்மாவுக்குக் கிடையாது. அப்படித்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.

தொடக்கம், சாலை என்று பேருள்ள கடைத்தெருவில் ஒரு ப்ளெக்ஸ் கடையில். நான் மலையாளம் பேசும் இந்த நகரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. தமிழ்த்துறையின் ஆண்டு விழாவுக்கு பேனர் அடிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் மற்றவர்கள் மலையாளம் மட்டும் வாசிக்கிறவர்கள் என்பதால், புரூப் பார்க்க என்னை அனுப்பினார்கள். கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது, முப்பத்தொன்று இருக்கும். திரையில் பெரிதாக ‘வரவேற்க்கிறோம்’ என்று இருந்தது.

“ற் போட்டப்புறம் இன்னொரு க் வராதும்மா. ஒரு ஒற்றை எடுத்துடு.”

அவள் எடுத்தாள். எடுத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “யக்கா, நீங்க கரமனைதான? பேச்சு மலையாளம் மாதிரி இருக்கு. எழுத்து மட்டும் எப்படிக்கா இவ்வளவு சுத்தம்?”

கரமனை, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிய எங்களைப் போன்ற தமிழர்களின் பேட்டை. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

புரூப் தாளைக் கையில் வாங்கியபோது பின்பக்கம் பென்சில் படம் ஒன்று தெரிந்தது. மொட்டை மாடியில் துணிக்கொடிக்குக் கீழே ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேர் கழுத்திலும் தோர்த்து முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. குளித்தபின் துவட்டுகிற அந்தச் சாதாரணத் துண்டு, காற்றில் பின்னால் பறந்தது. நடுவில் நின்ற பெண்ணுடையது மட்டும் ஈரமாக இருந்ததால் பறக்காமல் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியைப் பென்சிலால் காட்ட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“இது யாரு?”

“ஒரே வீட்டு ஆட்கள்க்கா. எல்லாருக்கும் பவர் உண்டு. என்ன பவருன்னுதான் இன்னும் தெரியல. எனக்கு வரையத்தான் வரும். கதை வரமாட்டேங்கு.”

அவள் நாங்குநேரிப் பக்கத்துக்காரி. கணவர் கட்டடங்களில் டைல்ஸ் பதிக்கிறவர். மணக்காட்டில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். ஆறு வருடமாக அவள் இந்தக் கடையில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று வடிவமைத்துக்கொண்டிருந்தாள். மதுரையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் சிறிய பதிப்பகம் ஒன்றுக்குத் தன் படங்கள் சிலவற்றை அனுப்பியிருந்தாள். படம் நன்றாக இருக்கிறது, முழுப் புத்தகமாக அனுப்புங்கள், மே மாதக் கடைசிக்குள் வந்தால் இந்த வருடப் பட்டியலில் சேர்க்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்திருந்தது. முதல் புத்தகம் சரியாக அமைந்தால், வருடத்துக்கு நான்கு புத்தகம் அவளே வரையலாம். அது நடந்தால் ப்ளெக்ஸ் வேலையை விட்டுவிடலாம்.

“நான் வரைஞ்சது எதுவும் நாலு நாளைக்கு மேல நின்னதில்லக்கா,” என்றாள். “விசேசம் முடிஞ்சதும் கழட்டி ஆட்டுக்கொட்டகைக்கு மேல போட்டுருவாங்க. ஒண்ணாவது புஸ்தகமா இருக்கணும்.”

அன்று தாளோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போய், கதை நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். இரண்டு விதி வைத்தேன். ஒன்று, பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு எழுதித் தருவேன். எந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது அதில் இருக்கும், அதைப் பார்த்து வரைய வேண்டும். இரண்டு, என் எழுத்தில் ஒரு மலையாள வார்த்தை இருக்காது.

இரண்டாவது விதிக்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் திருநெல்வேலியில் ஒரு பந்தியில் உட்கார்ந்து, தண்ணீருக்கு மலையாளத்தில் சொல்கிற மாதிரி, “கொஞ்சம் வெள்ளம் தாங்கோ” என்று கேட்டேன். பரிமாறினவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “வெள்ளம் வந்தா எல்லாரும் ஓடணுமேம்மா” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து பேச்சு எப்படி இருந்தாலும் எழுத்தில் காவல் இருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்புவரைதான் தமிழ் படித்தேன். பிறகு பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாமே மலையாளமும் இங்கிலீஷும். தமிழைக் கைவிடக் கூடாது என்றுதான் இருபத்தேழு வருடமாக டைரியைத் தமிழில் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன் வாசிக்க வேண்டும் அல்லவா. அவள் தன்னிடம் இருந்த பழைய சித்திரக்கதைகளை ஒரு துணிப்பையில் கொடுத்தாள். பதினொன்று இருந்தன. இரண்டு வாரத்தில் வாசித்துக் குறிப்பு எடுத்தேன். ஒரு கட்டத்துக்குள் முப்பது வார்த்தைக்கு மேல் வந்தால் முகம் மறைந்துவிடுகிறது. ஆட்களின் சக்தியை யாராவது எடுத்துச் சொன்னால் சுவை இல்லை. வேறு ஏதோ வேலை செய்யும்போது அது தெரியவர வேண்டும். ஒரே குடும்பமாக இருந்தால், எதிரியோடு போடும் சண்டையைவிடச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் சண்டையைத்தான் நான் திரும்ப வாசித்தேன். எந்தப் புத்தகத்திலும் ஒரு விஷயத்துக்குப் பதில் இல்லை. இவர்களுடைய துணிகளைத் துவைக்கிறது யார்?

என் கணவர் இதையெல்லாம் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஐம்பது ஆகப்போறது. பறக்கற மனுஷாளைப் படிச்சிண்டிருக்கே.”

“பறக்கறவா வீட்டிலயும் காலையில யாராவது பால் வாங்கணுமோல்லியோ.”

“அது யாரு?”

“அம்மாதான்.”

அந்த நிமிடம் எனக்குக் கதை கிடைத்தது. அப்பா அரசு பஸ் கண்டக்டர். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி கழக்கூட்டம் ஊரில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பார். அத்தை மழையை நிறுத்துவாள், ஆனால் ஏழு நிமிடத்துக்கு மட்டும். மூத்தவள் ஆட்டோவை ஒரு கையால் தூக்குவாள், அதுவும் இடது கையால்தான் முடியும். சின்னவன் பறப்பான், வாழை மர உயரத்துக்கு மேல் போனால் தலை சுற்றும். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. யார் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். சமையலறைச் சுவரில் அவள் எழுதி ஒட்டிய நேரப்பட்டியல் இருக்கும். மற்ற நான்கு பேரின் சக்தியும் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் வீண். நதியில் நீர் ஏறும் நாளில் அவள்தான் எல்லாரையும் வரிசைப்படுத்திக் காப்பாற்றுவாள். சக்தியே இல்லாதவள் குடும்பத்தை நடத்துகிறாள் என்பதுதான் என் கதையின் உயிர். எழுதி முடித்தபோது எனக்கு என்மேல் நல்ல மதிப்பு வந்தது.

மார்ச் முதல் வாரம் கட்டம் போட்ட தாள்களைக் கொடுத்தேன். “நடுவுல வந்து பாக்காதீங்கக்கா,” என்றாள் அவள். “ஆளு பாத்தா கை ஓடாது. இருபது பக்கம் ஆனதும் நானே கொண்டு வாரேன்.” எனக்கும் அது பரீட்சைக் காலம். ஹால் டிக்கெட், விடைத்தாள் கட்டு, தேர்வு மையம் என்று இரண்டு மாதம் நிமிர நேரமில்லை.

மே மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே காலுக்கு, பெரிய அட்டை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கரமனை ஸ்டாப்பில் இறங்கி வந்தாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய வேட்டி ஒன்றை விரித்து, பக்கங்களை அடுக்கினோம்.

முதல் எட்டுப் பக்கமும் நான் மனதில் பார்த்ததைவிட நன்றாக இருந்தன. கண்டக்டர் அப்பா காதில் விரலை வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறார். அத்தை நிறுத்திய மழை, வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே திரைச்சீலைபோல் தொங்குகிறது. அந்த மழைக்கோடு ஒவ்வொன்றையும் அவள் தனித்தனியாகப் போட்டிருந்தாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பியதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். அவள் விரல் நுனியிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி, தலையணையில் படர்ந்து, கட்டில் காலில் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் பக்கத்தில் வெள்ளை சுவரெல்லாம் ஏறியிருந்தது. பதினொன்றில் அப்பா ஜன்னலைச் சாத்தப் போராடுகிறார். ஜன்னல் கம்பியில் ஈட்டி ஈட்டியாக உறைந்த நீர். பன்னிரண்டில் அறைக்குள் கூரையிலிருந்து மெல்ல மெல்லப் பூப்பூவாக இறங்குகிறது. அதன் நடுவில் அம்மா எழுந்து உட்கார்ந்து தன் கையையே பார்க்கிறாள்.

“என்னாக்கும் இது?”

“நீங்க எழுதுனதுதான்க்கா.”

“நான் இப்படி எழுதவே இல்லை.”

அவள் என் தாள்களை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். என் கையெழுத்து, என் கட்டம். ஒன்பதாம் பக்கம்: ‘அம்மாவுக்குப் பனி. கட்டிலில். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை எடுக்கிறார்கள்.’ பத்தாம் பக்கம்: ‘பனி கூடுகிறது. போர்வை போதவில்லை.’ பதினொன்று: ‘அப்பா ஜன்னலைச் சாத்துகிறார். அம்மா நடுங்குகிறாள்.’ பன்னிரண்டு: ‘பனி இறங்குகிறது. அம்மா எழுந்து உட்காருகிறாள்.’

நான் எழுதியது ஜுரம். அம்மா ஒருநாள் ஜுரத்தில் விழுந்தால் வீடு எப்படித் தடுமாறும் என்று காட்டத்தான் அந்த நான்கு பக்கம். மலையாளத்தில் பனி என்றால் ஜுரம். மார்கழியில் புல்லில் விழுகிறதற்கு மஞ்ஞு என்று பேர். வீட்டில் நாங்கள் ஜுரம் என்றுதான் சொல்வோம். ஆனால் நாற்பது வருடமாகப் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் லீவு லெட்டரிலும் அது பனிதான். எப்போது அந்த வார்த்தை மதில் தாண்டி என் தமிழுக்குள் வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது. அன்று மாலை டைரிகளைப் புரட்டினேன். ஜுரம் என்று எழுதிய நாட்கள் உண்டு. பனி என்று எழுதிய நாட்கள் அதைவிட அதிகம்.

“பனின்னா ஜுரம். உனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா இங்க இருக்கேல்லியா?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“தெரியும்க்கா. கடையில யாராவது சொன்னா காய்ச்சல்னுதான் நினைப்பேன்.” அவள் தலை குனியவில்லை. “ஆனா நீங்கதான சொன்னீய, ஒரு மலையாள வார்த்தை இருக்காதுன்னு. அப்ப இது தமிழ்ப் பனிதான?”

நான் என் தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

“மாத்தணும்,” என்றேன். “நாலு பக்கத்தையும். அம்மாவுக்குச் சக்தி வந்துட்டா கதையே இல்லே.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். கடைவேலைக்கு நடுவில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாள். மாற்ற வேண்டியது நான்கு, வரைய வேண்டிய மீதி நான்கு. இருபத்து நான்கு நாள் வேண்டும். மே முடியப் பதினைந்து நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில் என் கணவர் மூன்று டம்ளர் காப்பியோடு வந்தார். மேசையில் வைக்க இடமில்லாமல் நின்றபடியே பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். “அடேயப்பா. அம்மாவுக்கு ஐஸ் பவரா? நன்னாருக்கே.”

“தப்பா வரைஞ்சிருக்கு. அவளுக்கு பவர் கிடையாது.”

“ஏண்டி, கண்டக்டருக்கு இருக்கு, அவன் தங்கைக்கு இருக்கு, சின்னதுகளுக்கு இருக்கு. இவ மட்டும் என்ன பாவம் பண்ணினா?”

“அதுதான் கதைன்னு சொல்றேனே. நீங்கோ உள்ளே போங்கோ.”

அவர் போய்விட்டார். அவள் காப்பியைத் தொடாமல் பக்கங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“மத்த பக்கமெல்லாம் வேலைக்கா. கணக்கா வரைஞ்சேன். இந்த நாலு பக்கம் அப்படி இல்ல. உங்க தாள்ல பனின்னு வாசிச்சதும், ஆகா, அக்கா அம்மாவுக்கும் ஒண்ணு வச்சிருக்காவன்னு ஒரே சந்தோசம். கடைக்குப் போற பஸ்லகூட அந்த மூஞ்சிதான் மனசுல.” பக்கத்தை உறைக்குள் வைத்து மூடினாள். “நீங்க சொன்னா மாத்திருதேன்க்கா. கதை உங்களுது. ஆனா மேக்குள்ள முடியாது. அடுத்த வருசம் அவங்க கேட்டா பாப்போம்.”

அடுத்த வருடம் கேட்பார்கள் என்று இரண்டு பேரும் நம்பவில்லை. அவளை ஸ்டாப் வரை கொண்டுவிட்டேன்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. என்மேல் இருந்த கோபத்தைத்தான் அவள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதை அன்று எழுதவில்லை, இன்று எழுதுகிறேன். விட்டுக்கொடுப்பதிலும் ஒரு நியாயமான சிக்கல் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மாவுக்குப் பனிச்சக்தி வந்துவிட்டால், பதின்மூன்றிலிருந்து இருபதுவரை அவள் ஏன் சாதாரணமாக இட்லி ஊற்றிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் இருக்கிறாள்? அந்த எட்டுப் பக்கமும் வரைந்தாகிவிட்டது. ஒன்பதை மாற்றினால் நான்கு பக்கம் போகும். மாற்றாவிட்டால் எட்டுப் பக்கம் பொய்யாகும். ஏழு வயதுக் குழந்தைகூடக் கேட்கும்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் மேசையில் மூன்று லீவு லெட்டர் இருந்தன. முதல் மழை பெய்திருந்தது. அந்தச் சமயத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். மூன்றிலும் ஒரே காரணம், மலையாளத்தில்: பனி. அவற்றில் ஒன்று அலுவலக உதவியாளருடையது. ‘பனி காரணம் வெள்ளிக்கிழமை வர முடியவில்லை, இன்று குறைந்ததால் வந்துவிட்டேன்’ என்ற பொருளில் எழுதியிருந்தார். பனி இருந்தது, வரவில்லை. பனி போனது, வந்துவிட்டார்.

நான் சீல் வைக்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எப்போதும் சக்தி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? காய்ச்சல் வந்தால்தான் அவளிடமிருந்து பனி கிளம்பும். காய்ச்சல் இறங்கினால் அதுவும் போய்விடும்; மறுபடி இட்லி, மறுபடி துணி. நான் எழுதியது, அவள் வாசித்தது, இரண்டும் சரியாகிவிடும். உடனே ஒரு வெள்ளைத்தாளில் பதின்மூன்றிலிருந்து இருபதுவரை கட்டம் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எட்டுப் பக்கத்திலும் காய்ச்சல் இல்லை, எனவே பனி இல்லை. பதினெட்டாம் பக்கத்தில் அம்மா குடையை அத்தையிடம் கொடுத்துவிட்டு மழையில் நனைகிறாள் என்று எழுதியிருந்தேன். அத்தை ஒரு முறை மழையை நிறுத்திவிட்டால் அன்று முழுவதும் மறுபடி நிறுத்த முடியாது என்பதைக் காட்ட வைத்த காட்சி அது. நனைந்தவளுக்கு மறுநாள், இருபத்தோராம் பக்கத்தில், காய்ச்சல் வருவதில் ஆச்சரியமில்லை. இருபத்தொன்றில்தான் நதி பெருகுகிறது. ஒரு கோடுகூட அழிக்க வேண்டாம்.

ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அவள் ஒரு கண்ணீர் அஞ்சலியில் இருந்தாள். இறந்தவரின் மீசையைத் தெளிவாக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தாளை விரித்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“அப்ப காய்ச்சல் வந்தாத்தான் பவரா?”

“ஆமா. நூத்தி ஒண்ணு தாண்டணும்.”

“தாண்டுனா வீட்ல எந்திரிக்க விடமாட்டாவளே. படு படுன்னுல்லா சொல்லுவாவ.”

“அதான் கதை, கேட்டயா. ஊரே முங்கறது. காப்பாத்தக் கூடியவ ஒருத்திதான். அவளை எல்லாரும் போர்வையால மூடிண்டிருக்கா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரையில் மீசைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்று, “ஒரு பக்கமும் மாத்த வேண்டாமாக்கா?” என்றாள், நம்பாத குரலில்.

“வேண்டாம். வார்த்தையை மட்டும் நான் மாத்தறேன். ஆனா இனிமே ஒண்ணு. நான் எழுதற ஒவ்வொரு வார்த்தையையும் நீ வாசிச்சு ஒத்துக்கணும். சந்தேகம் இருந்தா என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, கேளு.”

அவள் அன்றே கேட்டாள். “அப்ப மூணாம் பக்கத்துல, அத்தை மாடியில தாமசிக்கான்னு எழுதிருக்கீயளே, அவ லேட்டாக்குதாளா? நான் கையில ஒரு வாட்ச்சைக் கட்டி, அப்பா கீழ நின்னு கத்துத மாதிரி வரைஞ்சிட்டேன்.”

மலையாளத்தில் தாமசிப்பது என்றால் குடியிருப்பது; மாடியில் குடியிருக்கிறாள் என்றுதான் எழுதியிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து, அத்தையின் சுபாவம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை நான் பாராட்டியிருந்தேன். “அவ லேட்டாக்கறவளாகவே இருக்கட்டும்,” என்றேன். “வேறே?”

“பறக்க அவசரம் கிடைக்கலைன்னு சின்னவன் சொல்லுதானே, அது?”

“மலையாளத்தில அவசரம்னா சந்தர்ப்பம்.”

“நான் அவனைச் சோம்பேறின்னு நினைச்சிட்டேன்க்கா.”

கடைசி நான்கு பக்கத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம், கடை மதியம் மூடியிருக்கும் முக்கால் மணி நேரத்தில், மூன்று நாள். நதி ஏறுகிறது. அக்கரையில் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அப்பா அவர்கள் கூப்பிடுவதைக் கேட்கிறார், அத்தை தாமதமாக வந்து மழையை ஏழு நிமிடம் நிறுத்துகிறாள், மூத்தவள் கயிற்றை இழுக்கிறாள், சின்னவன் பறக்கிறான். போதவில்லை. வீட்டில் அம்மா கம்பளியை விலக்கி எழுகிறாள். வாயில் தெர்மாமீட்டர், தலையில் மப்ளர், கழுத்தில் தோர்த்து. நதிக்கரைப் படியில் கையை வைக்கிறாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீர் உறைகிறது. ஓடி வரப் பார்க்கிறவர்களைத் தடுத்து, கைக்குழந்தைக்காரர்கள் முதலில், பிறகு வயதானவர்கள் என்று வரிசை சொல்கிறாள். வரிசை சொல்வதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை.

மூன்று நாள் லீவு போட்டு, மீதி நாட்களில் அதிகாலையில் எழுந்து, ஒன்பது நாளில் நான்கு பக்கத்தையும் முடித்தாள். உறைந்த நதியை வரைந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. பேச்சு எழுதுகிற பலூனுக்குள் எழுத்துகளை நான் வாசிக்க வாசிக்க அவள் பொருத்தினாள். கடைக்காரரே பெரிய ஸ்கேனரில் வைத்து எடுத்துக் கொடுத்தார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மதுரைக்கு அனுப்பினோம்.

அனுப்பிய எட்டாம் நாள் ஞாயிறு. அவள் என் வீட்டில் இருந்தபோது பதிப்பகத்து ஆசிரியர் அம்மையார் அவளைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

“இருவத்து நாலு பக்கத்தையும் பூராம் படிச்சோம்மா,” என்றது குரல். “ஆபீஸ்ல ரெண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். ஒண்ணு, அந்த அம்மாவுக்கு அடுத்தாப்ல எப்பக் காய்ச்சல் வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கு. சரி, இதைச் சொல்லுங்க. காய்ச்சலடிச்சாப் பனி வரும்ங்கிற யோசனை யாருக்கு வந்துச்சு?”

“அக்காவுக்கு,” என்றாள் அவள் உடனே.

சரியில்லாத குறிப்பை நான் எந்தத் தாளிலும் விட்டுவைத்ததில்லை. “இல்லேம்மா,” என்று போனைப் பார்த்துக் குனிந்தேன். “நான் ஜுரம்னு நினைச்சு மலையாளத்தில எழுதிட்டேன். இவ அதைத் தமிழா வாசிச்சு வரைஞ்சா. வரைஞ்சதைப் பார்த்து நான் கதையைத் திருத்தினேன். முதல்ல வந்தது இவளோட படம்தான்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “அப்படியா சேதி. சரிம்மா. புஸ்தகம் போடுறோம். வருசம் நாலுன்னு சொன்னது நிக்கிது. காகிதத்தை அனுப்பி வைக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ரெண்டாவதுக்கு எப்ப ஆரம்பிக்கிறீங்க?”

போனை வைத்த பிறகு அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கணவருக்கு ஒரு தடவை போன் செய்தாள்; டைல்ஸ் வெட்டும் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “கிடைச்சிருச்சு” என்று மூன்று முறை சொல்லி, நான்காவது முறை “வேலை கிடைச்சிருச்சு” என்றாள். என் கணவர் உள்ளேயிருந்து வந்து, அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் நேந்திரங்காய் வறுவலை, இங்கத்துப் பேச்சில் உப்பேரியை, வைத்துவிட்டுப் போனார்.

நான் எதற்காகவும் அதிகமாகப் பெருமைப்படுகிறவள் இல்லை. மகன் பொறியியல் முடித்தபோதுகூட சான்றிதழைப் படி எடுத்துக் கோப்பில் வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்பேரியைக் கடித்துக்கொண்டு, பிளாஸ்திரி விரலால் காற்றில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

“யக்கா, ரெண்டாவது கதை எப்பத் தருவீய? கட்டம் போட்டு?”

எனக்குத் தயாராகப் பதில் இருந்தது. ஆடி முதல் வாரம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

“நீ முதல்ல வரை. நான் பார்த்து எழுதறேன்.”

அவள் நான் விளையாட்டாகச் சொல்கிறேனா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் ஒரு பென்சில் கேட்டாள்.

அடுத்த மாதமே அவள் கடையிலிருந்து நின்றுவிட்டாள். இப்போது இதை எழுதும்போது இரண்டாவது புத்தகத்தின் ஆறு பக்கம் என் முன்னால் இருக்கிறது. பலூன்கள் எல்லாம் காலி. மூன்றாம் பக்கத்தில் அத்தை நல்ல வெயிலில், கோயில் குளத்துப் படியில், திறக்காத குடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருக்கிறாள். யாருக்காக என்று அவளைக் கேட்டேன். தெரியாது, வரைய வந்தது வரைந்தேன் என்றாள். காலையிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானத்துக்குள் அத்தை என்னிடம் சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறேன்.